கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து (கேஎல்ஐஏ) ஹோட்டலுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன டிசம்பரில் திருச்சியிலிருந்து சித்தப்பா குடும்பம் கோலாலம்பூர் வந்தது. நான்கு பேர், ஐந்து பெட்டிகள். அவற்றில் ஒன்று முழுக்க எங்களுக்கான அப்பளமும் நார்த்தங்காய் ஊறுகாயும். "விரைவு ரயிலில் ஏறிவிடுங்கள், அரை மணியில் ஊருக்குள் வந்துவிடலாம்" என்று சொன்னவன் நான்தான். ஆளுக்கு 55 ரிங்கிட் வீதம் 220 ரிங்கிட் கொடுத்து ஏறினார்கள். ரயில் சொன்ன நேரத்துக்கு கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் கொண்டுவந்து விட்டது. அங்கிருந்து சித்தப்பா தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, இறங்கிவிட்டோம். ஹோட்டல் எந்தப் பக்கம்?"

ஹோட்டல் நகரின் கடைவீதிப் பகுதியான புக்கிட் பிந்தாங்கில் இருந்தது. ஐந்து பெட்டிகளும் ஒரே காரில் ஏறாது என்பதால் இரண்டு கார்கள் பிடிக்க வேண்டியதாயிற்று. விமான நிலைய வாசலிலேயே பெரிய கார் ஒன்றை வரவழைத்திருந்தால், ரயிலுக்குக் கொடுத்த பணத்தில் ஏறக்குறைய பாதியில் ஹோட்டல் வாசலில் போய் இறங்கியிருக்கலாம். சித்தி இதை இன்றுவரை மறக்கவில்லை.

முதல் தவறு இதுதான். கணக்கை ரயில் நிலையத்தோடு முடித்துவிடுகிறோம். கோலாலம்பூர் விமான நிலையம் என்று பெயர் இருந்தாலும், அது இருப்பது சிலாங்கூர் மாநிலத்தின் சிப்பாங்கில். கேஎல் சென்ட்ரல் வரை ரயில் பாதை 57 கிலோமீட்டர். முதல் முனையத்திலிருந்து 28 நிமிடம், இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடம். 2002இல் ஓடத் தொடங்கிய ரயில். சுத்தமானது, நேரம் தவறாதது, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் 'சென்ட்ரல்' என்ற பெயரைப் பார்த்து, இறங்கியதும் எதிரிலேயே இரட்டைக் கோபுரம் நிற்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அது பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய ஒரு சந்திப்பு நிலையம். உங்கள் ஹோட்டல் பிரிக்பீல்ட்ஸிலேயே இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ரயிலில் ஏறுங்கள். இறங்கி நடக்கிற தூரத்தில் அறையும் கிடைக்கும், வாழை இலைச் சோறும் கிடைக்கும். ஹோட்டல் வேறு பகுதியில் இருந்தால், அங்கிருந்து இன்னொரு பயணம் பாக்கியிருக்கிறது.

அந்த இரண்டாவது பயணத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். புக்கிட் பிந்தாங் என்றால் மோனோரயில் என்று பழைய பயணக் குறிப்புகளில் எல்லாம் எழுதியிருக்கும். மோனோரயில் நிலையம் கேஎல் சென்ட்ரலின் உள்ளே இல்லை. நூ சென்ட்ரல் வணிக வளாகத்தைக் குறுக்கே கடந்து, துன் சம்பந்தன் சாலைப் பக்கம் போக வேண்டும். வழி நெடுகக் கடைகள், கூட்டம். வண்டியோ சிறியது, மாலையில் கைப்பையோடு ஏறுவதே பாடு. அதற்குப் பதிலாக, கேஎல் சென்ட்ரலிலிருந்து முசியம் நெகாரா எம்ஆர்டி (நகர மெட்ரோ ரயில்) நிலையத்துக்கு ஒரு நடைபாதை இருக்கிறது. அதில் போனால் பசார் செனி, மெர்டேக்கா, அடுத்தது புக்கிட் பிந்தாங்; மூன்றே நிறுத்தம், வண்டியும் அகலமானது. இரட்டைக் கோபுரத்துக்கு அருகில் தங்குகிறவர்கள் கேஎல் சென்ட்ரலிலேயே எல்ஆர்டி என்ற இன்னொரு நகர ரயிலைப் பிடித்தால் ஐந்தாவது நிறுத்தம் கேஎல்சிசி.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. 'கோலாலம்பூர் ரயில் நிலையம் அருகில்' என்று ஹோட்டல் விளம்பரத்தில் இருந்தால், அது குவிமாடங்களோடு நிற்கும் பழைய நிலையமாக இருக்கலாம். 1910இல் கட்டப்பட்ட அழகான கட்டடம், ஆனால் விமான நிலைய ரயில் அங்கே நிற்பதில்லை.

எத்தனை பேர் என்பதை எண்ணாமல் முடிவெடுப்பது அடுத்தது. ரயிலில் தலைக்கு ஒரு டிக்கெட். காரிலோ எத்தனை பேர் ஏறினாலும் ஒரே கட்டணம். தனியாள், தோளில் ஒரு பை என்றால் ரயிலும் எல்ஆர்டியுமாக அறுபது ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். இரண்டு பேர் என்றால் ரயிலும் காரும் ஏறக்குறைய சமம். மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் ரயில் என்பது வேகத்துக்காகக் கொடுக்கும் விலை. பணம்தான் முக்கியம், நேரம் இருக்கிறது என்றால் பஸ் இருப்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு முனையங்களிலிருந்தும் கேஎல் சென்ட்ரலுக்குப் பஸ் போகிறது. ரயில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது, சாலை விட்டுக்கொடுத்தால் ஒரு மணி நேரம்.

சாலை விட்டுக்கொடுக்க வேண்டும், அதுதான் சிக்கல். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, மழையும் சேர்ந்துகொண்டால், கோலாலம்பூர்ச் சாலைகளில் பஸ்ஸும் காரும் ஒரே மாதிரி நிற்கும். அந்த நேரத்தில் மேலே சொன்ன கணக்கையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு நானே ரயிலில்தான் ஏறுவேன்.

இனி கார். வாடகைக் கார் வரவழைக்கும் கிராப் செயலியை இறங்கிய பிறகு பதிவிறக்கிக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் ஏராளம். விமான நிலையத்தில் இலவச வைஃபை கிடைக்கும். ஆனால் பதிவு செய்யும்போது வரும் ஓடிபி எண் உங்கள் இந்தியச் சிம்முக்குத்தான் போகும். ரோமிங் போடாமல் வந்திருந்தால் அது வரவே வராது. புதியவர்களிடம் செல்ஃபி எடுத்து அனுப்பச் சொல்வதும் உண்டு. இதையெல்லாம் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து முடித்துவிட்டு வருவது நல்லது. திரையில் தெரியும் தொகையைப் பார்த்ததும் மகிழ்ந்துவிடவும் வேண்டாம், டோல் தனி.

பெட்டிகளை எண்ணுங்கள். சாதாரணக் கார் என்று அழுத்தினால் வருவது பெரும்பாலும் மைவி போன்ற சின்னக் காராக இருக்கும். நான்கு பேர் உட்காரலாம்; பின்னால் பெரிய பெட்டி இரண்டு வைத்தாலே கதவு மூடாது. டாக்சி நல்ல நீளமாக இருக்கிறதே என்று நம்பினால் அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: எரிவாயுவில் ஓடும் டாக்சிகளில் பின்பக்கத்தைத் திறந்தால் பாதி இடத்தைச் சிலிண்டர் பிடித்துக்கொண்டிருக்கும். ஆறு பேர் அமரும் காரைத் தேர்ந்தெடுங்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

வருகைக் கூடத்தில் உங்கள் முகத்தைப் பார்த்தவுடன் "அண்ணே, டாக்சி வேண்டுமா?" என்று தமிழிலேயே யாராவது அருகில் வருவார்கள். அந்நிய ஊரில் தாய்மொழியைக் கேட்டதும் மனம் இளகிவிடும். இளகவே கூடாத இடம் அது. உரிமம் பெற்ற டாக்சிக்கு உள்ளேயே கூப்பன் கவுண்டர் இருக்கிறது. போகும் பகுதியைச் சொன்னால் தொகையைச் சொல்வார்கள், கட்டிவிட்டு ரசீதோடு வெளியே போகலாம். வகை சொல்லாமல் கேட்டால் விலை கூடிய வண்டியை முதலில் நீட்டக்கூடும். 'பட்ஜெட்' என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நள்ளிரவு முதல் காலை ஆறு வரை டாக்சிக் கட்டணம் பாதி கூடும். இந்தியாவிலிருந்து வரும் விமானங்களில் பல விடியற்காலையில் இறங்குவதால் இது நம்மவர்களுக்கு முக்கியம். ஐந்தரைக்கு வெளியே வந்தால் ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் டீ) குடித்து அரை மணி உட்காருங்கள்.

முன்கூட்டியே கார் ஏற்பாடு செய்கிறவர்கள் விமானம் தரையைத் தொடும் நேரத்தையே ஓட்டுநருக்குச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டாம் முனையத்தில் நடக்க வேண்டிய தூரமே ஒரு காலை நடைப்பயிற்சி அளவு. பிறகு குடிநுழைவு வரிசை, பெட்டி வரும் பட்டை, அதற்கும் பிறகு கடந்து வர வேண்டிய வணிக வளாகம். ஒரு மணி நேரமாவது தள்ளிச் சொல்லுங்கள்.

ஊர் திரும்பும்போதும் ஒரு தவறு காத்திருக்கிறது: எந்த முனையம் என்று பார்க்காமல் கிளம்புவது. ஏர் ஏசியா இரண்டாம் முனையத்திலிருந்தும், மலேசியா ஏர்லைன்ஸ், பாத்தேக் ஏர் ஆகியவை முதல் முனையத்திலிருந்தும் புறப்படுகின்றன. இரண்டாம் முனையத்தைப் பலர் இன்னும் பழைய வழக்கப்படி கேஎல்ஐஏ 2 என்றே சொல்கிறார்கள். வெறுமனே 'கேஎல்ஐஏ' என்று சொன்னால் முதல் முனையத்தில் இறக்கிவிடுவார்கள்.

சித்தப்பா அப்படித்தான் சொன்னார். இந்த முறை என் பேச்சைக் கேட்டுப் பெரிய காரில்தான் போனார்கள். ஓட்டுநர் கேட்டதற்கு "கேஎல்ஐஏ" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போக முடியாது. ரயிலில் 2 ரிங்கிட், 3 நிமிடம். அந்த 3 நிமிட ரயிலைப் பிடிக்க, நான்கு பேரும் தள்ளுவண்டிகளோடு ஓடினார்கள். ஊறுகாய்ப் பெட்டி காலியாகியிருந்தும், பெட்டிகள் இப்போது ஆறு.