மாத்திரைக்கு ஒரு வாரம் முன்னால்: மலைப் பள்ளிகளில் பெற்றோரிடம் சுகாதாரம் பேசுவது எப்படி

குடற்புழு மாத்திரை தரும் நாளில் மட்டும் வகுப்பில் பத்துப் பிள்ளைகள் குறைகிறார்கள் என்றால், பெற்றோருக்கு விவரம் போதவில்லை என்று பதிவேட்டை மூடிவிடாதீர்கள். பழைய ஞாபகம் இருக்கும். 1975-77 நெருக்கடி நிலைக் காலத்தில் நாட்டின் பல இடங்களில் குடும்பக் கட்டுப்பாடு வலுக்கட்டாயமாக நடந்தது. அரசாங்க ஊசி என்றால் ‘பிள்ளை பிறக்காமப் பண்ணிடும்’ என்ற பேச்சு இன்னும் நின்றபாடில்லை. 2007-ல் உடல் மாற்றம், பாலியல் பற்றிச் சொல்லும் வளரிளம் பருவக் கல்வியைச் சில மாநில அரசுகளே நிறுத்திவைத்தன. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி வந்தபோது வாட்ஸ்அப் வதந்தி பள்ளிச் சுற்றறிக்கையை முந்திக்கொண்டது. தமிழ்நாட்டில் முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அதற்காக, நீலகிரியை ஊசியே ஆகாத மலை என்றும் சொல்ல முடியாது. நாய்க்கடிக்கு மருந்து செய்ய 1907-லேயே குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்துவிட்டது. எதற்கு, எத்தனை, அப்புறம் என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொன்னால் ஆட்கள் கேட்பார்கள்.

கூட்டத்தைப் பள்ளி நேரத்தில் வைத்தால் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போகும் அம்மாக்கள் வரமாட்டார்கள். அரைநாள் கூலி போகும். கொழுந்து எடை போட்டு முடிந்ததும் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில் வையுங்கள். இருட்டுவதற்குள் முடியுங்கள், கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனை இறங்கும் பாதை என்றால் அரைமணி நேரம் போதும். பணியர், காட்டுநாயக்கர் என்ற பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அவர்கள் பேச்சு தெரிந்த ஒரு அம்மாவை முந்தின நாளே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது.

பேசுவதற்கு முன் மாத்திரை அட்டையைக் கையில் கொடுங்கள். திருப்பிப் பார்க்கட்டும், காலாவதித் தேதியை யாராவது உரக்கப் படிக்கட்டும். குடற்புழு மாத்திரை அல்பெண்டசோல் 400 மில்லிகிராம்: 2 முதல் 19 வயது வரை ஒன்று, 1 முதல் 2 வயதுக்குப் பாதி. சின்னப் பிள்ளைக்கு எப்படி என்று செய்தே காட்டுங்கள். இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து நசுக்கி, கட்டியில்லாமல் பொடித்து, கொஞ்சம் தண்ணீரில் குழைக்க வேண்டும். முழு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரை ஊற்றுவதுதான் ஆபத்து, தொண்டையில் சிக்கும். பெரிய பிள்ளைகள் ஆசிரியர் கண்முன்னே மென்று விழுங்க வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. காய்ச்சலோ வேறு நோயோ இருந்தால் அன்று வேண்டாம்.

புழு அதிகம் இருக்கும் பிள்ளைக்கு வயிற்றைப் புரட்டும், வாந்தி வரலாம், மலத்தில் புழுவும் விழலாம். இதை முன்னாலேயே சொல்லாத ஊரில்தான் ஒரு பிள்ளை வாந்தி எடுத்ததும் இருபது பிள்ளைக்கு மயக்கம் வரும். வாந்தி எடுத்த பிள்ளையைக் கூட்டத்திலிருந்து விலக்கி நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுங்கள். நிற்காவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையம், 108.

வாராந்திர இரும்புச்சத்து மாத்திரைக்கு இந்த மலையில் தனித் தொல்லை ஒன்று உண்டு: டீ. சோறு, மாத்திரை, உடனே ஒரு டம்ளர் டீ என்றால் டீயின் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொள்ளும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம் என்று மாத்திரை தரும் நாளிலெல்லாம் சொல்லுங்கள். மலம் கருப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை குப்பைக்குப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். அரிவாள் செல் நோய் (ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய்) உள்ள பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் இரும்பு மாத்திரை தரக்கூடாது.

அரிவாள் செல் பேச்சைத்தான் மிகவும் ஜாக்கிரதையாக எடுக்க வேண்டும். நீலகிரிப் பழங்குடியினரிடம் அது இருப்பது 1952-லேயே ஆய்விதழில் வந்துவிட்டது. தாய், தகப்பனில் ஒருவரிடமிருந்து மட்டும் பாதி வந்தவர் வேறு, நோயாளி வேறு. இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய். இதைத் தெளிவாக்காமல் ரத்தம் எடுத்தால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நின்றுபோகும் என்று பயந்து ஊரே ஒதுங்கும். முடிவை யார், எப்போது, எங்கே சொல்வார் என்பதை ஊசி குத்துவதற்கு முன்பே சொல்லுங்கள். வகுப்பில் பேர் படிக்காதீர்கள்.

மாதவிடாய் வகுப்பு என்றால் பிள்ளைகளுக்குக் காட்டப்போகும் அதே படங்களை அம்மாக்களுக்கு முதலில் காட்டுங்கள். ஆண் ஆசிரியர் வெளியே இருக்கட்டும்.

மாத்திரை நாளில் வராதவர்கள் பட்டியலில் பேருக்கு எதிரே காரணத்தையும் எழுதுங்கள்: காய்ச்சலா, மறுப்பா, ஊருக்குப் போயிருக்கிறார்களா என்று. விடுபட்டோருக்கான நாள் ஒரு வாரத்தில் வரும். மறுப்பு என்று எழுதிய வீட்டுக்கு மட்டும் அதற்குள் நேரில் போய் வாருங்கள், மாத்திரை அட்டையோடு.