ஐ7 ஸ்டிக்கரை நம்பாமல் லப்டொப் வாங்குவது எப்படி?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பாவித்த லப்டொப் விற்கும் கடைக்குள் போனால் முதலில் காதில் விழுவது, "தம்பி, இது ஐ7" என்பதுதான். எந்த ஐ7? அது இன்டெல் நிறுவனம் தன் புரொசசர்களுக்கு, அதாவது கணினியின் மூளையான சிப்களுக்கு, வைத்த பெயர். அந்தப் பெயரில் 2008 முதல் எத்தனையோ சிப்கள் வந்துவிட்டன. வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ அறிவியல்நகர் பொறியியல் பீடத்துக்கோ போகும் பிள்ளைக்கு லப்டொப் தேடுகிறீர்கள் என்றால், பெரிய எழுத்தை விட்டுவிட்டு அதன் பின்னால் வரும் எண்ணை வாசிக்கப் பழகுங்கள்.

படி 1: முழுப்பெயரை எடுங்கள்

லப்டொப்பைப் போடச் சொல்லுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபோமன்ஸ், பிறகு சிபியூ (புரொசசர்) என்பதை அழுத்துங்கள். வலது மேல் மூலையில் 'கோர் ஐ5-8250யூ' என்பதுபோல் ஒரு பெயர் இருக்கும், கீழே கோர்களின், அதாவது சிப்புக்குள் வேலை செய்யும் தனித்தனிப் பகுதிகளின், எண்ணிக்கை இருக்கும். ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். "கரண்ட் இல்லை, இப்போது போட ஏலாது" என்றால் கரண்ட் வந்தபிறகு போங்கள்.

படி 2: தலைமுறையைப் பாருங்கள்

முக்கியமான படி இதுதான். எண்ணின் முதல் இலக்கம்தான் தலைமுறை. 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 7500 என்றால் ஏழாம் தலைமுறை. எண் 1 இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும்: 1135ஜி7 பதினொன்று, 1235யூ பன்னிரண்டு.

இப்போது ஐ7-7500யூவையும் ஐ5-8250யூவையும் பக்கத்தில் வையுங்கள். ஐ7 இல் இரண்டு கோர், ஐ5 இல் நான்கு. விலை கூடச் சொல்லும் ஐ7தான் இங்கே தோற்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஓரிரு விதிவிலக்கைத் தவிர, எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் சிப்களுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. அதனால் ஏழும் அதற்குக் கீழும் என்றால், மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

படி 3: வால் எழுத்து

யூ என்றால் ஏறக்குறைய 15 வாட் சிப். சூடு குறைவு, பற்றரி நிற்கும். வேர்ட், சூம், இணையம் எல்லாவற்றுக்கும் தாராளம். எச் என்றால் 45 வாட் அளவு. ஓட்டோகாட் என்ற வரைபட மென்பொருள் போடும் பொறியியல் பிள்ளைக்கு அது சரி, ஆனால் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அதன் விசிறி ஓயாது.

படி 4: ஸ்டிக்கர்களுக்கு மயங்க வேண்டாம்

இந்தக் குழப்பம் புதிதல்ல. 2003 இல் வந்த சென்ட்ரினோ ஒரு புரொசசரே அல்ல. பென்டியம் எம் புரொசசர், ஒரு சிப்செட், ஒரு வைஃபை அட்டை மூன்றும் சேர்ந்த தொகுதிக்கு இன்டெல் வைத்த பெயர் அது. ஆனாலும் சனம் "சென்ட்ரினோ புரொசசர்" என்றே கேட்டு வாங்கியது. இன்றைய ஈவோ ஸ்டிக்கரும் அந்த வகைதான்: பற்றரி நேரம், தூக்கத்திலிருந்து விழிக்கும் வேகம் போன்ற நிபந்தனைகளை அந்த மொடல் நிறைவேற்றியது என்பதற்கான முத்திரை. பாவித்துக் களைத்த பற்றரிக்கு அது உத்தரவாதம் ஆகாது. வெளிநாட்டு அலுவலகங்களில் இருந்து வரும் லப்டொப்களில் விபுரோ (vPro) என்றிருக்கும். அது நிறுவனங்கள் தங்கள் கணினிகளைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் வசதி, வேகத்தோடு சம்பந்தமில்லை.

படி 5: புதியது வாங்குகிறவர்களுக்கு

2023 இல் இன்டெல் 'ஐ' எழுத்தைக் கைவிடத் தொடங்கியது. கோர் 7 150யூ, கோர் அல்ட்ரா 7 155எச் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலத் தெரியும். முதலாவது பழைய வடிவமைப்பு.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி இன்னும் மோசம். அதன் ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். ரைசன் 5 7520யூவில் அது 2, அதாவது 2019 இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர். 7530யூ ஜென் 3, ஆறு கோர். 7540யூ ஜென் 4. முன்னால் இருக்கும் 7, எந்த ஆண்டு வரிசை என்பதை மட்டும்தான் காட்டுகிறது. எண்ணுக்கு முன் ஏஐ என்று வரும் புதிய ரைசன்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

காசு கொடுக்குமுன், எடுத்த படத்தில் உள்ள பெயரை அப்படியே இன்டெல் அல்லது ஏஎம்டி தளத்தில் தேடுங்கள். வெளியான காலமும் கோர் எண்ணிக்கையும் அங்கே இருக்கும். கடைக்காரர் சொன்னதோடு ஒத்துவராவிட்டால் அந்தப் பக்கத்தையே அவருக்குக் காட்டி விலையைக் கதையுங்கள்.