சின்ன நாய்க்கு டிரை ஃபுட்: பாக்கெட்டைத் திருப்பிப் படித்து வாங்குங்கள்

பொமரேனியன், ஷிட்ஸு, பக், டாஷண்ட், மினியேச்சர் பின்ஷர் என்று பத்து கிலோவைத் தாண்டாத நாய் உங்கள் வீட்டில் இருக்கிறதா? அப்படியென்றால் அதற்கு டிரை ஃபுட் வாங்குவது, லேப்ரடாருக்கு வாங்குவதைவிடக் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. அது ஒரு நாளைக்குச் சாப்பிடப்போவதே ஒரு கைப்பிடி, மிஞ்சிப்போனால் இரண்டு. புரதம், கொழுப்பு, கால்சியம், விட்டமின் எல்லாம் அந்தக் கைப்பிடிக்குள் அடங்கியிருக்க வேண்டும். அளவில் தினமும் பத்து கிராம் கூடிப்போனாலும் பெரிய நாய்க்கு ஒன்றும் தெரியாது, மூன்று கிலோ நாய்க்குச் சில மாதங்களிலேயே உடம்பில் தெரிந்துவிடும்.

பாக்கெட்டின் முன்பக்கம் விளம்பரம். சிக்கன் துண்டு, கேரட், பளபளக்கிற நாய்ப் படம், 'பிரீமியம்', 'சூப்பர் பிரீமியம்', 'ஹோலிஸ்டிக்'. இந்த வார்த்தைகளுக்கு ஒரு அளவுகோலும் கிடையாது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதனால் கையில் எடுத்தவுடன் பின்பக்கம் திருப்புங்கள். முதலில் தேட வேண்டியது 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்கிற வரி. அதாவது இதை மட்டுமே போட்டாலும் நாய்க்குத் தேவையான எல்லாச் சத்தும் கிடைக்கும் என்று கம்பெனி பொறுப்பேற்கிறது. அந்த வரியிலேயே யாருக்கான உணவு என்றும் இருக்கும்: குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா, எல்லா வயதுக்குமா. அமெரிக்காவின் ஆஃப்கோ, ஐரோப்பாவின் ஃபெடியாஃப் என்ற இரண்டு அமைப்புகளின் சத்து அளவுகளைத்தான் பெரும்பாலான கம்பெனிகள் காட்டும். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், 'ஆஃப்கோ அப்ரூவ்டு' என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள், ஆஃப்கோ எந்த உணவையும் பரிசோதிப்பதும் இல்லை, அங்கீகரிப்பதும் இல்லை, அளவுகளை வகுத்துக் கொடுப்பதோடு சரி. அந்த அளவுக்கு ஏற்பச் செய்திருக்கிறோம் என்று சொல்வது கம்பெனி. 'காம்ப்ளிமென்டரி' என்று போட்டிருந்தால் அது முழு உணவு இல்லை, அதைத் தினசரி சாப்பாடாக வைக்கக்கூடாது.

அடுத்தது புரதம். ஆஃப்கோ கணக்கில் ஈரம் நீக்கிய எடையில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம் புரதம், 5.5 சதவீதம் கொழுப்பு, குட்டிக்கு 22.5 சதவீதமும் 8.5 சதவீதமும். இது அடிமட்ட அளவு. சின்ன நாய்க்கு நான் பாக்கெட்டில் 25 சதவீதத்துக்குக் குறையாத புரதமும் 14 முதல் 17 சதவீதம் வரை கொழுப்பும் பார்ப்பேன். மினியேச்சர் ஷ்னௌசர் வைத்திருப்பவர்கள் மட்டும் கொழுப்பு விஷயத்தில் டாக்டரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், அந்த இனத்துக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறுவதும் கணைய அழற்சி வருவதும் சகஜம்.

இன்கிரீடியண்ட்ஸ் பட்டியல் எடை அதிகமானதிலிருந்து குறைந்ததுக்கு வரிசையாக இருக்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த எடை சமைப்பதற்கு முந்தைய எடை. பச்சைச் சிக்கனில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர், அதனால் 'ஃப்ரெஷ் சிக்கன்' முதலில் நின்றாலும் வெந்து காய்ந்த பிறகு அது பட்டியலில் கீழே இறங்கிவிடும். 'சிக்கன் மீல்' என்பது தண்ணீரையும் கொழுப்பையும் எடுத்துவிட்டு அரைத்த தூள், அதே எடையில் புரதம் பல மடங்கு. ஆகவே மீல் என்று பார்த்ததும் ஒதுக்கத் தேவையில்லை, எந்த மிருகத்தின் மீல் என்று பெயர் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். 'சிக்கன் மீல்', 'ஃபிஷ் மீல்' என்றால் சரி, வெறும் 'மீட் மீல்' என்றால் எனக்கு இஷ்டமில்லை. ஈரல், இதயம் போன்றவற்றைத்தான் பெரும்பாலும் 'பை ப்ராடக்ட்' என்று எழுதுகிறார்கள், நாய்க்கு அது நல்ல சத்து. அதேபோல மக்காச்சோளத்தை மூன்றாகப் பிரித்து, சோளம், சோள மாவு, கார்ன் குளூட்டன் என்று தனித்தனியாகப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே போய்விடும். மூன்றையும் மனதுக்குள் கூட்டிப் பாருங்கள், அப்போதுதான் உண்மையில் எது அதிகம் என்று தெரியும்.

'கிரெய்ன் ஃப்ரீ' என்று இருந்தால்தான் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். தானியம் பெரும்பாலான நாய்களுக்கு ஒரு கெடுதலும் செய்வதில்லை, அரிசியும் சோளமும் அவற்றுக்கு நன்றாகவே செரிக்கும். அரிசியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு என்று நிரப்பிய உணவுகளுக்கும் நாய்களின் இதயத் தசை பலவீனமாகிற நோய்க்கும் தொடர்பு இருக்கலாமோ என்று 2018 ஜூலையில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. விசாரிக்கத் தொடங்கியது. இதுதான் காரணம் என்று முடிவாக நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் டாக்டர் அலர்ஜி என்று சொல்லாத நாய்க்கு அதிக விலை கொடுத்து அதை வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

உருண்டையின் அளவுக்கு வருவோம். பாக்கெட்டில் 'மினி', 'ஸ்மால் பிரீட்' என்று போட்டிருப்பது வெறும் பெயருக்காக மட்டும் இல்லை. சின்ன வாயில் நெருக்கமாக இருக்கிற பற்களால் பெரிய உருண்டையைக் கடிக்க முடியாமல் அப்படியே விழுங்கும், இல்லையென்றால் கீழே போட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். ஒரு சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. பக் மாதிரி தட்டை மூஞ்சி நாய்க்கு ரொம்பச் சின்னதும் சிரமம், தட்டில் ஒட்டிக்கொண்டு வாயில் வராது. ஆனால் டிரை ஃபுட் கொறித்தால் பல் சுத்தமாகிவிடும் என்பதை மட்டும் நம்பாதீர்கள். சாதாரண உருண்டை பல் நுனி பட்டவுடன் உடைந்துவிடும், ஈறு ஓரத்தில் இருக்கிற காரையைத் தொடாது. பல்லுக்கென்றே செய்த உணவு வேண்டுமென்றால் விலங்குகளின் பல் நலத்துக்கான அமைப்பான வி.ஓ.எச்.சி.யின் முத்திரை இருக்கிறதா பாருங்கள். மற்றபடி பிரஷ்தான், அதுவும் நாய்க்கான பேஸ்ட்டோடு.

குட்டி விஷயத்தில் ஒன்று. மூன்று மாதத்துப் பொமரேனியன், சிவாவா குட்டிக்கு வயிறு சின்னது, உடம்பில் சேமிப்பும் குறைவு. வெகுநேரம் பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். நாளைக்கு நான்கு வேளை பிரித்துக் கொடுங்கள். சின்ன இனங்கள் சீக்கிரம் வளர்ந்து முடித்துவிடும், 10 முதல் 12 மாதத்துக்குள் பப்பி உணவிலிருந்து அடல்ட்டுக்கு மாற்றிவிடலாம். நல்ல பப்பி உணவு கொடுத்துக்கொண்டே மேலே கால்சியம் சிரப்பும் ஊற்றுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் அதைச் செய்யாதீர்கள், தேவையான கால்சியம் அந்த உணவிலேயே இருக்கிறது.

சரி, எவ்வளவு போடுவது? இங்கேதான் சின்ன நாய்கள் அதிகம் கஷ்டப்படுகின்றன. பாக்கெட்டில் உள்ள அட்டவணை தோராயமானது, உங்கள் நாயை அதற்குத் தெரியாது. மொபைல் கால்குலேட்டரில் நீங்களே போடலாம். நாயின் எடையைக் கிலோவில் மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்குங்கள் (3 × 3 × 3 என்பதுபோல), வர்க்கமூலம் எடுங்கள், அதற்கு இன்னொரு முறை வர்க்கமூலம், பிறகு 70 ஆல் பெருக்குங்கள். மூன்று கிலோ நாய்க்கு 27, பிறகு 5.2, பிறகு 2.28, கடைசியில் கிட்டத்தட்ட 160 கிலோ கலோரி (இனிமேல் சுருக்கமாகக் கலோரி என்றே சொல்கிறேன்). இது சும்மா படுத்திருந்தாலே தேவைப்படும் அளவு. வீட்டுக்குள் வளர்கிற, கருத்தடை செய்த நாய்க்கு இதை 1.4 முதல் 1.6 வரை பெருக்கினால் 225 முதல் 255 வரை வரும். முப்பது கிலோ லேப்ரடாருக்கு இதே கணக்கில் கிலோவுக்கு 30 கலோரிதான் அடிப்படைத் தேவை, மூன்று கிலோ நாய்க்கு 53. சின்ன உடம்பு சூட்டை வேகமாக இழக்கும், அதனால் கிலோ கணக்கில் அதற்குத்தான் தேவை அதிகம். ஸ்மால் பிரீட் உணவில் கலோரி அடர்த்தியாக இருப்பது இதனால்தான்.

பாக்கெட்டில் கலோரி போடாவிட்டால் அதையும் கணக்கிடலாம். புரதம் 26, கொழுப்பு 16, ஈரம் 10, நார் 3 என்று இருக்கிறது, சாம்பல், அதாவது தாது உப்புகள், ஒரு 7 என்று வையுங்கள். எல்லாமே சதவீதம். எல்லாவற்றையும் கூட்டி நூறில் கழித்தால் மிச்சம் 38, அது மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5 ஆலும் கொழுப்பை 8.5 ஆலும் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமுக்கு 360 கலோரி. நம் மூன்று கிலோ நாய்க்கு 62 முதல் 71 கிராம் போதும். கப்பில் அளக்காதீர்கள், சமையலறைத் தராசு வாங்கிவிடுங்கள். அப்புறம் அந்த மேரி பிஸ்கட். ஒன்றில் சுமார் 25 கலோரி. காலையில் டீ குடிக்கும்போது தாத்தா இரண்டு, சாயங்காலம் பாட்டி இரண்டு கொடுத்தால் நாயின் ஒரு நாள் தேவையில் நாற்பது சதவீதம் பிஸ்கட்டிலேயே போய்விட்டது. பிறகு அது டிரை ஃபுட்டைத் தொடவில்லை என்று பிராண்டை மாற்றுவதில் என்ன பயன்? வெளித்தீனி எல்லாம் சேர்ந்து பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சாப்பிட வைக்க வேண்டும் என்று சாம்பாரோ கறிக்குழம்போ மேலே ஊற்றுவதும் கூடவே கூடாது, வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும், சின்ன நாய்க்குக் கொஞ்சம் போதும் ஆபத்துக்கு. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கொடுங்கள், வாசனையும் எழும்பும், சிறுநீரில் கல் வர வாய்ப்புள்ள ஷிட்ஸு போன்றவற்றுக்குக் கூடுதல் தண்ணீரும் போய்ச் சேரும். ஊறவைத்ததை நம் வெயிலில் அரை மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

எந்தக் கம்பெனி? ராயல் கேனின், ஹில்ஸ், ஃபார்மினா, ட்ரூல்ஸ், பெடிக்ரி புரோ என்று சின்ன இனத்துக்குத் தனியாகச் செய்கிறவர்கள் பலர் இங்கே கிடைக்கிறார்கள். பெயரை வைத்து முடிவு செய்யாமல் கஸ்டமர் கேருக்கு ஒரு மெயில் போடுங்கள். உணவைத் திட்டமிடுவது யார், அவர் விலங்குச் சத்துணவில் தேர்ந்தவரா, சொந்தத் தொழிற்சாலையா, ஒவ்வொரு பேட்சையும் என்னென்ன பரிசோதனை செய்கிறீர்கள்? உலகச் சிறுவிலங்கு மருத்துவர் சங்கம் கேட்கச் சொல்கிற கேள்விகளும் இவையே. நேராகப் பதில் சொல்கிற கம்பெனியை நான் நம்புவேன், மழுப்பினால் விட்டுவிடுவேன்.

விலையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். கிலோ 700 ரூபாய் உணவில் 65 கிராம் போட்டால் நாளைக்கு 45 ரூபாய் சொச்சம். கிலோ 300 ரூபாய் உணவில் 100 கிராமுக்கு 320 கலோரிதான் என்றால் 73 கிராம் போட வேண்டும், 22 ரூபாய். வித்தியாசம் ஒரு டீயும் வடையும். பெரிய நாய் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு இடிக்கும், சின்ன நாய்க்கு நல்லதே வாங்கலாம்.

ஆனால் லூஸில் வாங்காதீர்கள். பெட் ஷாப்பில் 20 கிலோ மூட்டையைப் பிரித்து வைத்து, கிலோ கணக்கில் பிளாஸ்டிக் கவரில் அள்ளிக் கொடுப்பார்கள். எப்போது பிரித்தது, எக்ஸ்பைரி எப்போது, பேட்ச் நம்பர் என்ன, ஒன்றும் தெரியாது. உருண்டையின் மேல் பூசிய கொழுப்பு காற்றுப் பட்டால் கெடும், கடலோர ஈரக்காற்றில் பூஞ்சையும் வரும். ஒரு கைப்பிடியை மூக்கருகே வைத்துப் பாருங்கள், பழைய வேர்க்கடலையில் வருகிற சிக்கு வாடை அடித்தால் அது நாய்க்கு ஆகாது. மூன்று கிலோ நாய்க்கு ஒரு கிலோ பாக்கெட் பதினைந்து நாள் வரும், அதுவே சரியான அளவு. ஆஃபர் என்று பெரிய மூட்டை எடுத்தால் மூன்று நான்கு மாதம் கிடந்து வீணாகும். பிரித்த பாக்கெட்டை ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். டப்பாவில் கொட்டாமல் பாக்கெட்டோடு சேர்த்தே காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், பேட்ச் நம்பரும் கையில் இருக்கும், டப்பாவில் ஒட்டிய பழைய எண்ணெயும் புது உணவில் கலக்காது.

புது உணவுக்கு மாறும்போது ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள், முதலில் கால் பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால். ஒரே நாளில் மாற்றிவிட்டு லூஸ் மோஷன் ஆனதும் உணவைக் குறை சொல்வது சரியில்லை. மலம் கையில் எடுத்தால் உருக்குலையாத பதத்தில், அளவு குறைவாக இருந்தால் நன்றாகச் செரிக்கிறது என்று அர்த்தம். பத்து நாள் தாண்டியும் இளகியே போனாலோ, ரத்தம் தெரிந்தாலோ, விடாமல் காதையும் பாதத்தையும் சொறிந்துகொண்டிருந்தாலோ டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள், நாயைத் தூக்கிக்கொண்டு வெயிங் மெஷினில் ஏறி உங்கள் எடையைக் கழித்தால் போதும். விலா எலும்பைத் தடவினால் லேசாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும், அழுத்தித் தேட வேண்டியிருந்தால் அளவில் பத்து சதவீதம் குறையுங்கள், கண்ணுக்கே தெரிந்தால் பத்து சதவீதம் கூட்டுங்கள்.