எலி தின்னும் நேரத்தை வெட்டி எறியாதீர்கள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களை மூளை அலைப் பதிவை உடனே திறக்க நான் விடுவதில்லை. நினைவுக்கும் இட அறிவுக்கும் உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் மின்முனை பொருத்திய எலி தடத்தில் ஓடும் காணொளியை முதலில் பாருங்கள். எங்கே ஓடியது, எங்கே நின்றது, எப்போது வாய் அசைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அலை அதற்குப் பிறகுதான்.

ஓடும்போது தெரிவது தீட்டா என்னும் மூளை அலை. நொடிக்கு ஆறு முதல் பத்து முறை சீராக ஏறி இறங்கும். உடனே ‘எலி கற்கிறது’ என்று எழுதிவிடாதீர்கள். எலி தானாக நடந்தாலே தீட்டா எழும் என்று ஆய்வாளர் வாண்டர்வுல்ஃப் 1969-இலேயே காட்டிவிட்டார். பாதை பழகிய எலி விரைந்து ஓடும்; வேகத்தோடு தீட்டாவும் வலுக்கும். ஆகவே, ஒரே வேகத்தில் ஓடிய பகுதிகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

இனி உணவுக் கிண்ணம். எலி நின்றதும் தீட்டா கலைகிறது. பலர் இந்தப் பகுதியை ‘ஓய்வு’ என்று நீக்கிவிடுகிறார்கள். எனக்கு மனம் பதறும். நொடிக்கு 150 முதல் 250 முறை (ஹெர்ட்ஸ்) அதிரும் ரிப்பிள் என்னும் அலைகள் இங்கேதான் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எழுந்து அடங்குகின்றன. அவற்றின்போது இடச் செல்கள், அதாவது எலி குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது துடிக்கும் நரம்பணுக்கள், எலி ஓடிவந்த பாதையைக் கடைசியிலிருந்து தொடக்கம் நோக்கி மீட்டிப் பார்க்கின்றன. ஆய்வாளர்கள் ஃபாஸ்டரும் வில்சனும் 2006-இல் கண்டது இது.

ரிப்பிளைப் பிடிக்க, எலியின் வேகம் நொடிக்கு 4 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் நேரத்தை மட்டும் எடுத்து, அந்த அலைவரிசையை வடிகட்டி, சராசரிக்கு மேல் மூன்று திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து மதிப்புகள் சிதறும் அளவு) தாண்டுபவற்றைக் குறியுங்கள்.

குறித்தவை எல்லாம் ரிப்பிள் அல்ல. மெல்லும் தாடைத் தசையின் மின்சாரமும் இதே அலைவரிசைக்குள் நுழைந்துவிடும். தசை இரைச்சல் 300 ஹெர்ட்ஸுக்கு மேலும் பரவும். எல்லா மின்முனைகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். உண்மையான ரிப்பிள், ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதியான சிஏ1-இல் உள்ள பிரமிடு வடிவ நரம்பணு அடுக்கில்தான் ஓங்கி நிற்கும். அதனால் ஒரு மின்முனையையாவது ஹிப்போகாம்பஸுக்கு வெளியே வையுங்கள். உள்ளேயும் வெளியேயும் ஒரே கணத்தில் வருவதை இரக்கமின்றி நீக்குங்கள்.

கடினமான உருண்டைக்குப் பதில் இனிப்பிட்ட பாலைக் கொடுத்தால் மெல்லும் தொல்லை குறையும். ஆனால் எலி நக்குவதும் நொடிக்கு ஆறேழு முறைதான். அந்த அசைவு பதிவில் கலந்தால் தீட்டாவைப் போலவே தெரியும். நக்கும் நேரத்தை உணரியால் தனியே பதிவு செய்யுங்கள்.

உணவு கிடைத்த தடவைகளையும் கிண்ணம் காலியாக இருந்த தடவைகளையும் ஒப்பிடும்போது ரிப்பிள்களின் மொத்த எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். உணவு இருந்தால் எலி அங்கே அதிக நேரம் நிற்கும். எண்ணிக்கை தானாகவே கூடும். அசையாமல் நின்ற ஒவ்வொரு நொடிக்கும் எத்தனை ரிப்பிள் என்று கணக்கிடுங்கள்.