கடைசி மாத வாடகைக்கும் வட்டி உண்டு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வீடு வாடகைக்கு எடுக்கும்போது முதல் மாதம், கடைசி மாதம் என்று இரண்டு மாதக் காசைச் சேர்த்துக் கேட்பார்கள். கடைசி மாதக் காசு, நீங்கள் வீட்டை விடும் மாதத்து வாடகைக்காக வீட்டுக்காரரிடம் இருக்கும். அதற்கு வருடா வருடம் அவர் வட்டி தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுக் குடியிருப்பு வாடகைச் சட்டம் சொல்கிறது. நான் வந்த புதிதில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. ஸ்காபரோவில் மூன்று வருடம் இருந்த வீட்டில் ஒரு சதம்கூட வட்டி வாங்காமல் வெளியேறினேன். உங்களுக்கு அப்படி நடக்கக்கூடாது.

வாடகையை எவ்வளவு கூட்டலாம் என்று மாகாண அரசு ஒவ்வொரு வருடமும் அறிவிக்கும் வீதம்தான் வட்டி வீதமும். 2025இல் அது 2.5%, 2026இல் 2.1%. நீங்கள் கொடுத்த கடைசி மாத முற்பணம் 1,800 டொலர் என்றால் 2025க்கு 45 டொலர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வாடகை 1,845 ஆகக் கூடினால் முற்பணத்தையும் அந்த அளவுக்குக் கொண்டுவர, வட்டியிலிருந்து 45 டொலரை வீட்டுக்காரர் கழித்துக்கொள்ளலாம். கைக்கு ஒன்றும் வராது, ஆனால் உங்கள் கணக்கில் 1,845 டொலர் இருக்கும். வாடகை கூடாத வருடத்தில் முழு வட்டியும் கைக்கு வர வேண்டும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் பலர் காசை விடுகிறார்கள்.

தராவிட்டால்? முதலில் எழுத்தில் கேளுங்கள், குறுஞ்செய்தி போதும். அப்படியும் தராவிட்டால் அடுத்த வாடகையில் அந்தத் தொகையைக் கழிக்கச் சட்டமே இடம் தருகிறது. கழித்த கணக்கை எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் ஒரு வருடத்துக்குள், வீட்டு உரிமையாளர் - வாடகையாளர் பிணக்குகளை விசாரிக்கும் சபையில் டி1 (T1) படிவம் போடலாம்.

"ஊர்க்காரர், எப்படிக் கேட்பது?" என்று தயங்குபவர்கள் நிறையப் பேர். கேளுங்கள், அது உங்கள் காசு. "வட்டி வேண்டாம்" என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்திருந்தாலும் அது செல்லாது. வீட்டுக்குச் சேதம் வந்தால் எடுக்க என்று தனியாக முற்பணம் வாங்கவும் இங்கே அனுமதி இல்லை. திறப்புக்கு வாங்கலாம், ஆனால் புதுத் திறப்பு செய்யும் செலவுக்கு மேல் வாங்கக்கூடாது, திறப்பைக் கொடுக்கும்போது திருப்பித் தர வேண்டும்.

ஒரு விதிவிலக்கு: சமையலறையையோ குளியலறையையோ வீட்டுக்காரருடனோ அவருடைய துணை, பிள்ளை, பெற்றோருடனோ பகிர வேண்டும் என்ற ஏற்பாட்டில் அவர்கள் வாழும் வீட்டில் இருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. தனிச் சமையலறையும் குளியலறையும் உள்ள பேஸ்மென்ற் என்றால் பொதுவாகப் பொருந்தும்.

அப்புறம், காசைக் கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். நீங்கள் கேட்டால் அவர் இலவசமாகத் தந்தே ஆக வேண்டும். அதில் "கடைசி மாத முற்பணம்" என்று எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.