பழைய ஹீரோ ஹோண்டாவை வீட்டிலேயே புதுப்பிப்பது எப்படி?

மதுரைப் பக்கம் பழைய பைக் எடுத்துச் செய்யலாம் என்று ஆசை வந்தால், பையன்கள் முதலில் தேடுவது ஆர்எக்ஸ் 100 அல்லது புல்லட். இரண்டுமே அருமையான வண்டிகள்தான். ஆனால் கற்றுக்கொள்ளும் முதல் வண்டியாக அவற்றை எடுக்க வேண்டாம். விலை ஏறிக் கிடக்கிறது, ஒரிஜினல் பாகம் கிடைப்பது சிரமம், ஏமாற்று வேலையும் அதிகம். முதல் வண்டிக்கு ஹீரோ ஹோண்டா சிடி 100 அல்லது ஆரம்பகால ஸ்ப்ளெண்டரைத்தான் நான் சொல்வேன். சிடி 100 வந்தது 1985-ல், ஸ்ப்ளெண்டர் 1994-ல். இரண்டிலும் இருப்பது ஒரே குடும்பத்து 97.2 சிசி நான்கு ஸ்ட்ரோக் என்ஜின். ஸ்ப்ளெண்டர் இன்றைக்கும் விற்பனையில் இருப்பதால், மேலூரோ உசிலம்பட்டியோ, எந்த ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் பெரும்பாலான சாமான் கிடைத்துவிடும்.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெயின்ட் கடைசி வேலை. வண்டி ஒழுங்காக ஓடி, ஒழுங்காக நின்ற பிறகுதான் அழகு. பெயின்ட்டில் ஆரம்பித்தவர்களின் வண்டிகள் பளபளவென்று மாடிப்படிக்குக் கீழே நிற்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

முதலில் ஆர்.சி.

வண்டியைப் பார்க்கப் போகும்போது ஸ்பேனரை விட ஆர்.சி.தான் முக்கியம். ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃப்ரேமின் கழுத்தில் சேஸிஸ் எண் அடித்திருக்கும். துருவைத் துடைத்துவிட்டு அதையும் என்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் தேய்க்கப்பட்டிருந்தால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள். ஆர்.சி. இல்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது ரோட்டுக்கு வராது.

புது வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதற்குப் பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நேரில் வண்டியைக் காட்ட வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். 20 வருஷம் தாண்டிய பைக்குக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள். பதிவு டிஎன் 58-ஆ, 59-ஆ, 64-ஆ என்று பார்த்து, மதுரை தெற்கு, வடக்கு, மத்தி என்று அந்தந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிலுவை ஏதும் இருக்கிறதா என்று விசாரித்த பிறகு பணம் கொடுங்கள். பழைய ஃபைனான்ஸ் பாக்கி ஆர்.சி.யில் அப்படியே கிடப்பது சாதாரணமாக நடக்கும் விஷயம்.

கழற்றுவது

8 முதல் 19 வரை ரிங் ஸ்பேனர், டி ஸ்பேனர், நல்ல ஸ்க்ரூடிரைவர், சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பேக்ட் ஸ்க்ரூடிரைவர், பிளக் ஸ்பேனர், சின்ன இடைவெளியை அளக்கும் தகடுகளான ஃபீலர் கேஜ். இவ்வளவு போதும். ஞாயிற்றுக்கிழமை திலகர் திடல் சந்தைக்குப் போனால் பழைய ஸ்பேனர் மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஸ்க்ரூடிரைவரை மட்டும் புதிதாக வாங்குங்கள். முனை தேய்ந்த ஸ்க்ரூடிரைவர் என்ஜின் கவர் ஸ்க்ரூவின் தலையை வழித்துவிடும். அப்புறம் அதை எடுக்க லேத்துக்குத்தான் ஓட வேண்டும்.

கழற்றும் முன் செல்போனில் படம் எடுங்கள். கேபிள் எந்தப் பக்கமாகப் போகிறது, வாஷர் எந்த வரிசையில் இருக்கிறது, வயர் எந்த நிறத்தோடு சேர்கிறது, எல்லாமே தெரியும்படி. ஒவ்வொரு பகுதியின் நட்டு போல்ட்டையும் தனித்தனி பாலிதீன் கவரில் போட்டு, பெயர் எழுதிய சீட்டையும் உள்ளே வையுங்கள்.

துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். சிம்மக்கல் பக்கம் பட்டறை வைத்திருந்த ஒரு மெக்கானிக் அண்ணன் எனக்குச் சொல்லிக் கொடுத்தது: “வரலைன்னா விட்று தம்பி. டீசலை ஊத்திட்டு வீட்டுக்குப் போ. காலைல வந்து மொதல்ல இறுக்கிப் பாரு, அப்புறம் லூஸ் பண்ணு.” முதலில் ஒரு நூல் இறுக்கினால் துருவின் பிடி உடையும். அதன் பிறகு சுலபமாக வந்துவிடும்.

பிரேக், சக்கரம்

இரண்டு பக்கமும் டிரம் பிரேக். பிரேக் ஷூவை யோசிக்காமல் புதிதாக மாற்றிவிடுங்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதவே கூடாது. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். சக்கர பேரிங், ஸ்டியரிங் கோன் செட், ஃபோர்க் ஆயில் சீல், செயின் ஸ்ப்ராக்கெட், எல்லா கேபிள்களும் புதிது. டயரில் பட்டன் நிறைய இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும். ஸ்ப்ளெண்டருக்கு 2.75-18 அளவு. ரிம் கோட்டம் எடுப்பதை ஸ்போக்ஸ் கட்டுபவரிடமே விடுங்கள். கூலி குறைவு, கை நுணுக்கம் அதிகம்.

டேங்க்

வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் அதிகப் பொறுமை கேட்பது பெட்ரோல் டேங்க்தான். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பெரியப்பாவின் சிடி 100 மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. அதன் டேங்குக்குள் அடித்தட்டு முழுக்கச் செம்பழுப்பாக, விரல் வைத்தால் செதில் செதிலாக உரிந்து வந்தது. இதைக் கழுவாமல் புது பெட்ரோல் ஊற்றினால், எத்தனை முறை கார்புரேட்டரைச் சுத்தம் செய்தாலும் மறுபடி அடைத்துக்கொள்ளும்.

மிச்சப் பெட்ரோலைத் திறந்த வெளியில், நெருப்புக்குத் தூரமாக வடித்துவிடுங்கள். பெட்ரோல் காக்கைக் கழற்றி, அந்த ஓட்டையை ரப்பர் ஷீட்டும் தகடும் வைத்து அடையுங்கள். ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளை எண்ணிப் போட்டு, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டு எல்லாப் பக்கமும் குலுக்குங்கள். எண்ணிப் போட்டால்தான் எல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று தெரியும். அந்த அழுக்கைக் கொட்டிவிட்டு, கடையில் விற்கும் சாதாரண வினிகரைக் கழுத்து வரை ஊற்றி ஒரு நாள் வையுங்கள். துரு கரைந்து தண்ணீர் கறுத்துவிடும். கொட்டிவிட்டு, சமையல் சோடா கலந்த தண்ணீரால் அலசினால் மிச்சப் புளிப்பு அடங்கும். அப்புறம் நல்ல தண்ணீர், உடனே வெயில். மதுரை வெயிலுக்குச் சீக்கிரமே காயும். காய்ந்ததும் கொஞ்சம் பெட்ரோலும் என்ஜின் ஆயிலும் கலந்து உள்ளே சுழற்றிவிடுங்கள். சும்மா விட்டால் மறுநாளே மெல்லிய துரு படரும்.

டேங்கில் ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்டிங் வைக்க நினைக்காதீர்கள். காலி டேங்கில் நிற்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கும். அதற்கென்றே டேங்க் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் ரப்பர்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்கிச் செய்யப்பட்டதல்ல.

என்ஜின்

என்ஜினை உடனே பிரிக்க வேண்டாம். கிக்கர் இறங்காமல் இறுகியிருந்தால் பிளக்கைக் கழற்றி, சில சொட்டு ஆயில் விட்டு ஓர் இரவு வைத்துவிட்டு, கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். காலால் எட்டி உதைத்தால் பிஸ்டன் ரிங் உடையலாம். பிளக்கை மறுபடி மாட்டிய பிறகு கிக்கர் நல்ல எதிர்ப்போடு இறங்கினால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், இருக்கிறது என்று அர்த்தம். பழைய ஆயிலை வடித்து, வலது பக்கக் கவரைத் திறந்து, அடியில் இருக்கும் சல்லடையையும் சுழலும் ஆயில் ஃபில்டரையும் கழுவுங்கள். பல வண்டிகளில் இதைத் திறந்ததே இல்லை, உள்ளே கரிக்களிம்பு அப்பியிருக்கும். டாப்பெட் கேப்பை, அதாவது வால்வை அழுத்தும் பாகத்துக்கும் வால்வுக்கும் இடையே உள்ள இடைவெளியை, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, மேனுவலில் சொன்ன அளவுக்கு ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்யுங்கள்.

கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்ன ஓட்டையான ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது. ஓட்டை துளி பெரிதானாலும் மைலேஜ் போய்விடும். மீன்பிடி நைலான் நூலும் காற்றுமே போதும்.

வண்டி ஓடும்போது நீலப்புகை நிற்காமல் வந்தால் ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கிறது. போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்சுவர், தேய்ந்திருந்தால் லேத்தில் அளந்து, 0.25 மில்லிமீட்டர் படியில் பெரிய பிஸ்டன் போட்டு போர் அடிப்பார்கள். அளக்காமல் போர் அடிக்கச் சொல்லும் கடையை விட்டு வேறு கடை பாருங்கள்.

வயரிங்

முதலில் பல்பிலும் பேட்டரியிலும் 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பாருங்கள். இரண்டையும் கலந்தால் பல்பு போகும், அல்லது மங்கலாகவே எரியும். எலி கடித்த வயரில் டேப் சுற்றிக்கொண்டிருக்காமல் புது வயரிங் கிட்டாகவே போடுங்கள். ஃப்ரேமில் எர்த் உட்காரும் இடத்தை இரும்பு தெரியச் சுரண்டுங்கள். இன்டிகேட்டர் மினுக்காததற்குப் பாதி நேரம் காரணம் அந்த எர்த்தில்தான் இருக்கும்.

பெயின்ட்

தேய்ப்பது உங்கள் வேலை, அடிப்பது பெயின்டர் வேலை. இதுதான் என் கட்சி. 80, 180, 320 என்று எமரித் தாளால் தேய்த்து, பிரைமர், பட்டி, மறுபடி 400, 600 தண்ணீர்த் தாள் என்று பொறுமையாகச் செய்தால் பாதிச் செலவு மிச்சம். பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட்டின் கெட்டியாக்கியில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழாயைப் பாதிக்கும். மூச்சுக் காப்பு வசதியில்லாத வீட்டில் அதை அடிக்கக் கூடாது. டப்பா ஸ்ப்ரேயும் டேங்குக்கு வேண்டாம். அதன் மேல் ஒரு சொட்டு பெட்ரோல் வழிந்தாலே பெயின்ட் கரைந்து தடம் விழும்.

தை முதல் பங்குனி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லேக்கர் பால்போல வெளுக்கும். ஆடிக் காற்றில் அடித்தால் தூசி முழுக்க டேங்கில்தான் உட்காரும்.

மாற்றங்கள்

என் விதி எளிது: போல்ட்டில் மாட்டி, போல்ட்டிலேயே கழற்ற முடிகிற மாற்றம் மட்டும். உயரம் குறைந்த ஹேண்டில்பார், நல்ல ரெக்சினில் தைத்த சீட், வட்டக் கண்ணாடி, புது கிரிப், இவையே வண்டியின் முகத்தை மாற்றிவிடும். ஃப்ரேமை வெட்டி வெல்டிங் வைப்பது ஆபத்து, சட்டவிரோதமும்கூட. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும், 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்றே சொல்கின்றன. நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். பின்னால் இருக்கும் கைப்பிடியையும் சேலைக் கார்டையும் ‘ஸ்டைலுக்காக’ எடுத்துவிடுகிறார்கள். அவை இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் அதைக் கழற்ற எனக்கு மனசும் வராது. சத்தம் போடும் சிலென்சர் வேண்டவே வேண்டாம்.

ரோட்டில் எடுக்கும் முன்

தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, இரண்டு பிரேக்கும் நேராக நிறுத்துகின்றனவா என்று பாருங்கள். இன்சூரன்ஸ் எடுத்த பிறகே மெயின் ரோடு. போர் அடித்த என்ஜின் என்றால் முதல் 500 கிலோமீட்டர் நிதானமான வேகம்தான். அழகர்கோயில் ரோட்டில் போகும்போது கை முறுக்கத்தான் தோன்றும், அடக்கிக்கொள்ளுங்கள். 500 முடிந்ததும் ஆயிலை மாற்றி, டாப்பெட்டை மறுபடி பார்த்து, என்ஜினைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் ஆக்ஸில் நட்டுகளையும் ஒரு சுற்று இறுக்குங்கள்.