சேர்வரைப் பிடித்து வைத்திருக்கிற கொம்பியூட்டர் எது? மைஎஸ்கியூஎல் கனெக்‌ஷன்களைப் பார்க்கிற முறை

யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கம் ஒரு புடவைக்கடை என்று வையுங்கோ. நாலு பில் கவுண்டர், மேல்மாடியில் ஸ்டொக் பார்க்க ஒரு கொம்பியூட்டர், எல்லாவற்றுக்கும் ஒரே மைஎஸ்கியூஎல் (தரவுகளைச் சேமித்து வைக்கிற மென்பொருள்) சேர்வர். நல்லூர்த் திருவிழா நேரம், சனம் நெரிபடுகிறது. ஒரு கவுண்டரில் பில் சேவ் ஆகாமல் சுற்றிக்கொண்டே நிற்கிறது. உடனே சேர்வரை ரீஸ்டார்ட் பண்ண ஓடாதேங்கோ.

படி 1: ரூட் பயனராக (எல்லா அதிகாரமும் உள்ள பயனர்) மைஎஸ்கியூஎல்லுக்குள் போங்கோ. சாதாரணப் பயனராகப் போனால் அந்தப் பயனரின் கனெக்‌ஷன்கள் மட்டுந்தான் தெரியும்.

படி 2: ‘ஷோ ஃபுல் ப்ராசஸ்லிஸ்ட்;’ என்று அடியுங்கோ (ஆங்கில எழுத்தில்தான்!). ‘ஃபுல்’ போடாவிட்டால் ஓடுகிற கட்டளையில் முதல் 100 எழுத்துத்தான் வரும். ஒரு வரிக்கு ஒரு கனெக்‌ஷன். ‘ஹோஸ்ட்’ பகுதியில் 192.168.1.24:51822 என்று இருந்தால், கோலனுக்கு முன்னால் இருப்பது அந்தக் கொம்பியூட்டரின் ஐபி முகவரி. எல்லாக் கவுண்டருக்கும் ஒரே யூசர் பெயரைக் கொடுத்திருந்தால் ஆளைப் பிடிக்க இது ஒன்றுதான் வழி. கவுண்டருக்கு ஒரு யூசர் போட்டுவிடுங்கோ, பிறகு தலையிடி இல்லை.

படி 3: ‘ஷோ ஸ்டேட்டஸ் லைக் 'திரெட்ஸ்_கனெக்டட்';’ மொத்த எண்ணிக்கையைச் சொல்லும். மாற்றாமல் விட்டிருந்தால் உச்ச எல்லை 151. அதைத் தாண்டினால் 1040 என்ற பிழை வரும். ஐந்து கொம்பியூட்டர் உள்ள கடை அந்த எல்லையைத் தொடுகிறதென்றால், பில் மென்பொருள் கனெக்‌ஷனைத் திறந்துவிட்டு மூடுவதில்லை என்றுதான் நான் சந்தேகிப்பேன். எல்லையைக் கூட்டுவது அதற்கு மருந்தில்லை.

படி 4: இதுதான் முக்கியம். ‘கமாண்ட்’ பகுதியில் ‘ஸ்லீப்’ என்று நிற்பவை பெரும்பாலும் சும்மா இருப்பவை. ஒன்றும் செய்யாமல் இருந்தால் 28800 செக்கனில், அதாவது 8 மணித்தியாலத்தில், சேர்வரே வெட்டிவிடும். ஆனால் ஸ்டொக்கை மாற்றிவிட்டுக் கமிட் பண்ணாமல் (மாற்றத்தை உறுதியாக்காமல்) தூங்குகிற ஒன்றும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். கரண்ட் போய்க் கவுண்டர் மட்டும் நின்று, யூபிஎஸ்ஸில் சேர்வர் ஓடினால் இது நடக்கலாம்: மற்றப் பக்கம் செத்தது சேர்வருக்கு உடனே தெரியாது. அது பிடித்து வைத்திருக்கிற அதே ஸ்டொக் பதிவுக்குக் காத்திருக்கிற மற்றக் கவுண்டர் 50 செக்கனில் பிழை காட்டும்.

அதைக் கண்டுபிடிக்க, இன்னும் முடியாமல் நிற்கிற வேலைகளின் பட்டியலைப் பாருங்கோ: ‘செலக்ட் * ஃப்ரொம் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.இன்னோடிபி_டிஆர்எக்ஸ்;’ தொடங்கின நேரம் பழசாக இருப்பதைப் பிடியுங்கோ. அதன் திரெட் ஐடியும் ப்ராசஸ்லிஸ்டில் உள்ள ஐடியும் ஒன்றுதான்.

படி 5: அந்த ஐடி 87 என்றால் ‘கில் 87;’. கமிட் ஆகாத மாற்றங்கள் அழிந்துவிடும் என்பதால், அந்தக் கவுண்டரில் நிற்பவரிடம் பில்லைத் திரும்பப் போடச் சொல்லுங்கோ.